அண்ணாச்சி பதில்கள்: முதலில் சொன்னது யார்?

கேள்வி: அண்ணாச்சி, எம்.ஏ. வரலாறு இரண்டாம் வருடம் படிக்கிறேன். ஆய்வுக் கட்டுரைக்கு ‘தாமிரபரணி நாகரிகம்’ என்று தலைப்பு எழுதிக் கொடுத்தேன். கைடு ‘இது தலைப்பே இல்லை, சுருக்கிக்கொண்டு வாம்மா’ என்று திருப்பி அனுப்பிவிட்டார். எப்படிச் சுருக்குவது? எதைப் பார்த்தாலும் எழுதலாம் போலத்தான் இருக்கிறது.
– மாணவி, அம்பாசமுத்திரம்

பதில்: கைடு சொன்னது சரிதான் தங்கச்சி. பொதிகையில் புறப்பட்டுப் புன்னைக்காயலில் கடலைச் சேரும்வரை ஆறு ஓடுவது ஏறக்குறைய 130 கிலோமீட்டர்தான், ஆனால் அதன் இரண்டு கரையிலும் நடந்ததையெல்லாம் ஐம்பது பக்கத்தில் யாராலும் எழுத முடியாது. தலைப்பைக் கேள்வியாக மாற்றி எழுதிப் பாருங்கள். கடைசியில் கேள்விக்குறி போட வரவில்லை என்றால் அது இன்னும் தலைப்பாகவில்லை என்று அர்த்தம்.

நீங்கள் அம்பையில் இருக்கிறீர்கள். கல்லிடைக்குறிச்சி பக்கத்தில்தான் கன்னடியன் அணைக்கட்டு. தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளில் திருவைகுண்டம் ஒன்றுதான் ஆங்கிலேயர் காலத்தில் 1870களில் கட்டி முடித்தது, மற்ற ஏழும் அதற்கு முந்தியவை. சரி, இதில் ஒரே ஒரு கால்வாயை எடுத்துக்கொள்ளுங்கள். ‘தண்ணீர் குறைந்த வருடங்களில் கன்னடியன் கால்வாயில் எந்த ஊர்க் குளத்துக்கு முதலில் திறப்பது என்று யார் முடிவு செய்தார்கள், 1958-இல் மணிமுத்தாறு அணை வந்த பிறகு அது மாறியதா?’ இப்படிக் கேட்டால் இடம் வந்துவிட்டது, காலம் வந்துவிட்டது, யாரிடம் போய்க் கேட்பது என்பதுகூட வந்துவிட்டது. பொதுப்பணித் துறையின் பழைய பதிவுகள், கால்வாய்ப் பாசனத்தில் வயல் வைத்திருக்கும் பெரியவர்கள், சேரன்மகாதேவி பக்கத்துக் கோயில் கல்வெட்டுகளில் வரும் நீர்ப் பங்கீடு என்று வேலை தானாக விரியும்.

தண்ணீர் வேண்டாம் என்றால் பத்தமடைக்குப் போங்கள். ‘பத்தமடைப் பாய்’ என்று மொட்டையாக எழுதினால் ஏற்கெனவே நூறு பேர் எழுதியதைத்தான் நீங்களும் எழுதுவீர்கள். ‘நெசவுக்கு வேண்டிய கோரை இன்றைக்கு எந்த ஊரிலிருந்து வருகிறது, ஆற்றங்கரைக் கோரை என்ன ஆனது?’ என்று கேளுங்கள். பாய் பின்னும் பெண்களிடம் உட்கார்ந்து பேசினால் பாதிக் கட்டுரை அங்கேயே கிடைத்துவிடும். அந்தப் பாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அதற்குப் போட்ட விண்ணப்பத்தைச் சென்னையிலுள்ள புவிசார் குறியீட்டுப் பதிவகத்தின் இணையதளத்தில் தேடி எடுத்துப் படியுங்கள். பாய் எப்படிச் செய்கிறார்கள், எந்த ஊர் எல்லைக்குள் செய்கிறார்கள் என்பதை அங்கே விண்ணப்பித்தவர்களே எழுத்தில் கொடுத்திருப்பார்கள்.

தலைப்பை முடிவு செய்வதற்கு முன்னால் ஒரு வாரம் ஆதாரம் மட்டும் தேடுங்கள் என்பேன். நம் பிள்ளைகள் தலைப்புக்குக் கையெழுத்து வாங்கிவிட்டு அப்புறம்தான் தேடவே ஆரம்பிக்கிறார்கள். ஒன்றும் கிடைக்காதபோது கண்ட தளத்திலிருந்தும் எடுத்து ஒட்ட வேண்டிய நிலை வந்துவிடுகிறது. குறையே அங்கேதான் தொடங்குகிறது. முதலில் சோத்கங்கா தளத்துக்குப் போங்கள். காந்திநகரில் இருக்கும் இன்ஃப்லிப்நெட் மையம் நடத்துவது அது. நம் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்து முனைவர் பட்ட ஆய்வேடுகளும் அதில் ஏறியிருக்கின்றன. உங்கள் பொருளை ஒட்டிய ஆய்வேடு ஒன்றை எடுத்து நேராகக் கடைசிப் பக்கங்களுக்குப் போய், அவர் எதையெல்லாம் படித்தார் என்ற பட்டியலைப் பாருங்கள். நாலைந்து வருடம் ஒருவர் அலைந்து சேர்த்தது இலவசமாகக் கிடைக்கிறது.

பழைய நூல்களுக்கு இணைய ஆவணக் காப்பகமான ஆர்க்கைவ் தளமும் தமிழ் மின்னூலகமும் உண்டு. கால்டுவெல் 1881-இல் எழுதிய திருநெல்வேலி வரலாறும், பேட் 1917-இல் எழுதிய மாவட்ட கெசட்டியரும் ஆர்க்கைவில் முழுதாகக் கிடைக்கும். ஆங்கிலத்தில் தேடும்போது அந்தக் காலத்து எழுத்துக்கூட்டலைப் போடுங்கள்: திருநெல்வேலிக்கு ‘டின்னவெல்லி’, ஆற்றுக்குத் ‘தாம்ரபர்ணி’. இன்றைய எழுத்துக்கூட்டலில் தேடிவிட்டு ஒன்றுமே இல்லை என்று திரும்பி வரும் பிள்ளைகள் நிறைய.

இன்னொன்று, இது புள்ளிவிவரம் போடுகிற எல்லோருக்கும். ‘திருநெல்வேலி மாவட்டம்’ என்பது எல்லாக் காலத்திலும் ஒரே பரப்பு இல்லை. 1910-இல் ராமநாதபுரம் மாவட்டம் அமைத்தபோது சாத்தூரும் ஸ்ரீவில்லிபுத்தூரும் பிரிந்து போயின. 1986-இல் தூத்துக்குடி தனி மாவட்டம், 2019-இல் தென்காசி தனி மாவட்டம். 2011 கணக்கெடுப்பில் வரும் 30 லட்சத்துச் சொச்சம் மக்கள்தொகை தென்காசியையும் சேர்த்த கணக்கு. அதை இன்றைய மாவட்டத்துக்கு எழுதி வைத்திருக்கும் தளங்கள் இருக்கின்றன, அங்கிருந்து எண்ணை எடுக்காதீர்கள். 1901, 1951, 2011 என்று வரிசையாக ஒப்பிடும் முன்னால் ஒவ்வொரு வருடமும் மாவட்டத்தில் எந்தெந்த தாலுகா இருந்தது என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: விக்கிப்பீடியாவைப் பார்க்கலாமா, கூடாதா? ஒரு ஆசிரியர் தொடவே கூடாது என்கிறார்.
– மாணவர், வள்ளியூர்

பதில்: தாராளமாகப் பாருங்கள், ஆனால் ஆதாரமாகக் காட்டாதீர்கள். பல வரிகளின் முடிவில் குறிப்பு எண் இருக்கும், அது கூட்டிப் போகிற நூலைத் திறந்து அந்தச் செய்தி அங்கே நிஜமாகவே இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அந்த நூலைக் காட்டுங்கள். குறிப்பு எண்ணே இல்லாத வரியை விட்டுவிடுங்கள்.

கேள்வி: ஆதிச்சநல்லூர் 3,000 வருடம் பழையது என்று ஒரு தளம், 5,000 என்று இன்னொன்று, 10,000 என்று ஒரு வீடியோ. எங்கள் ஊருக்குப் பக்கத்தில் இருக்கிற இடம், தப்பாக எழுதிவிடக் கூடாது என்று பயமாக இருக்கிறது. எதை நம்ப?
– முதுகலை மாணவர், திருவைகுண்டம்

பதில்: உங்கள் பயம் நல்ல பயம் தம்பி. எண்ணை விடுங்கள், அதை முதலில் சொன்னது யார் என்று பின்னாலேயே போங்கள். எந்த இடத்தில் தோண்டிய பொருள், என்ன பொருள், எந்த ஆய்வகம், எந்த அறிக்கை: இந்த நாலுக்கும் பதில் சொல்லாத பக்கத்தை மூடிவிடலாம், அது எவ்வளவு அழகான தமிழில் நம் பெருமையைப் பேசினாலும் சரி.

அப்படிப் போனால் என்ன தெரியும் பாருங்கள். ஆதிச்சநல்லூரில் 1876-இல் ஜெர்மானியர் ஜாகோர் தோண்டினார், 1899 முதல் அலெக்சாண்டர் ரீ தோண்டினார், 2004-இல் மத்தியத் தொல்லியல் துறை மறுபடி இறங்கியது. அங்கே கிடைத்த இரண்டு மாதிரிகளுக்கு கி.மு. 905, கி.மு. 696 என்று வந்த கணிப்பு 2019-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் சொல்லப்பட்டது. கி.மு. 1155 என்ற எண்ணையும் பார்ப்பீர்கள், அது ஆதிச்சநல்லூருடையது இல்லை, அதே தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையில் ஒரு முதுமக்கள் தாழியில் இருந்த நெல்லுக்கு வந்தது, 2021 செப்டம்பரில் முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தது. நீங்கள் பார்த்த 5,000 பெரும்பாலும் 2025 ஜனவரியில் மாநிலத் தொல்லியல் துறை வெளியிட்ட ‘இரும்பின் தொன்மை’ அறிக்கையிலிருந்து வந்திருக்கும், கி.மு. 3345 என்ற எண்ணும் சிவகளையுடையதுதான், இரும்புப் பொருள்களோடு கிடைத்த கரித்துண்டுக்கு வந்த காலம். இரும்பையே அளந்ததா, கூடக் கிடந்த கரியை அளந்ததா என்பது ஆய்வில் பெரிய வித்தியாசம். அறிக்கையையே எடுத்துப் படித்து, எதை அளந்தார்கள் என்று சேர்த்து எழுதினால் உங்கள் கட்டுரையை யாரும் அசைக்க முடியாது. அந்த 10,000க்கு நாலு கேள்வியில் ஒன்றுக்காவது அந்த வீடியோவில் பதில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கட்டுரைக்குள் வர வேண்டாம்.

கேள்வி: ஏஐ செயலியிடம் கேட்டேன், பத்து நூல் பெயர் கொடுத்தது. அதில் நாலு நூல் எங்கேயுமே இல்லை. இருந்தாலும் பட்டியலில் போடலாமா?
– பி.எட். மாணவி, சங்கரன்கோவில்

பதில்: போடவே கூடாது. இல்லாத நூலுக்கு ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு எல்லாம் நிஜம் போலவே எழுதித் தரும் வழக்கம் அதற்கு உண்டு. மீதி ஆறையும் நூலகப் பட்டியலில் தேடுங்கள். கட்டுரையாக இருந்தால் அதன் டிஓஐ எண்ணை, அதாவது இணையத்தில் அந்தக் கட்டுரைக்கென்று இருக்கும் நிரந்தர அடையாள எண்ணைப் போட்டுப் பாருங்கள், அதே தலைப்பு திறக்க வேண்டும். தேட வேண்டிய சொற்களை யோசிக்க அதை வைத்துக்கொள்ளலாம். கையில் எடுத்துப் படிக்காத நூல் உங்கள் பட்டியலில் இருக்க வேண்டாம்.

கேள்வி: ஒரு ஆய்விதழிலிருந்து மெயில் வந்தது. 2,500 ரூபாய் கட்டினால் மூன்று நாளில் கட்டுரை வருமாம், ‘யுஜிசி கேர்’ பட்டியலில் இருக்கிறதாம். கட்டலாமா அண்ணாச்சி?
– ஆய்வு மாணவர், பாளையங்கோட்டை

பதில்: கட்டாதீர்கள். துறை தெரிந்த இரண்டு பேர் உட்கார்ந்து படித்துக் குறை சொல்லித் திருத்தச் சொல்வதற்கு மூன்று நாள் போதாது, அப்படியென்றால் யாருமே படிக்கப் போவதில்லை. ‘கேர்’ என்பது தரமான ஆய்விதழ்கள் என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி வைத்திருந்த பட்டியல், அதையே 2025 பிப்ரவரியில் நிறுத்திவிட்டது, இன்னும் அதைச் சொல்லிப் பணம் கேட்கிறார்கள் என்றால் அதுவே போதும். இதழின் ஆசிரியர் குழுவில் போட்டிருக்கும் பெயர்களில் இரண்டைத் தேடி, அவர்களுடைய கல்லூரிப் பக்கத்தில் இந்த இதழைக் குறிப்பிட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். பழைய இதழ்களில் நாலு கட்டுரையைத் திறந்து படியுங்கள். அப்புறம் உங்கள் கைடு கடைசியாக எழுதிய கட்டுரை எந்த இதழில் வந்தது என்று கேட்டு அங்கே அனுப்புங்கள், ஆறு மாதம் ஆனாலும் பரவாயில்லை.