ஃபோக் (நாட்டுப்பாடல்) கிளப்பில் பாடுபவர்கள் நண்பர்களா, போட்டியாளர்களா?

இரண்டும்தான். காசு கிடையாது, பெயரும் பெரிதாக வராது, அப்புறம் எதற்குப் போட்டி என்று கேட்பீர்கள். பாட்டுக்குத்தான்.

இங்கிலாந்தில் ஒரு சிறிய ஊரின் ஃபோக் கிளப்பில் நான் கிட்டார் வாசிக்கிறேன். பப் மாடியில் ஓர் அறை, வாரம் ஒரு ராத்திரி. வெளியூர்ப் பாடகர் வராத நாளில் மேடை எங்களுக்கு. ஆளுக்கு இரண்டு பாட்டு. முதலில் பாடுகிறவர் பாவம், சனம் அப்போதுதான் கிளாஸும் கையுமாக இடம் தேடிக்கொண்டிருக்கும். இடைவேளைக்கு முந்தைய இடத்துக்குத்தான் மவுசு. அது யாருக்கு என்பதில் உள்ளுக்குள் புகைச்சல் இருக்கும், யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள்.

நிஜமான தகராறு வேறு. இது இன்னாருடைய பாட்டு என்று ஒரு எழுதாத பட்டா உண்டு. பாட்டை யார் கட்டினார்கள் என்றே தெரியாது, காப்புரிமையும் இல்லை. ஆனாலும் எங்கள் கிளப்பில் ஒரு திமிங்கில வேட்டைப் பாட்டு ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவருக்குச் சொந்தம். அவர் அறையில் இருக்கும்போது வேறு யாரும் அதைத் தொடக் கூடாது. புதிதாக வந்த பையன் ஒருவன், விஷயம் தெரியாமல், அவர் எதிரிலேயே பாடிவிட்டான். அதுவும் அவரைவிட நன்றாக. எல்லோரும் கோரஸில் சேர்ந்தோம். அவரும் சேர்ந்தார், கொஞ்சம் கூடுதல் சத்தமாகவே. அடுத்த வாரம் அதே பாட்டை, பையன் விட்டிருந்த இரண்டு சரணங்களையும் சேர்த்துப் பாடி முடித்தார். பிறகு கீழே பாரில் உட்கார்ந்து அந்தச் சரணங்களை அவனுக்கு எழுதியும் கொடுத்தார். நட்பா, பழிவாங்கலா? என்னைக் கேட்டால், ஒன்றை மற்றதிலிருந்து பிரிக்கவே முடியாது.

பெரிய ஆட்களிடமும் இதே கதைதான். 'ஸ்கார்பரோ ஃபேர்' என்ற நாட்டுப்பாட்டை 1947-ல் ஒரு பழைய ஈயச் சுரங்கத் தொழிலாளியிடமிருந்து நாட்டுப்பாடகர் யூவன் மெக்கால் சேகரித்தார். அவர் வெளியிட்ட பாட்டுப் புத்தகத்திலிருந்து இங்கிலாந்துப் பாடகர் மார்ட்டின் கார்த்தி எடுத்து, தன் கிட்டார் இசையமைப்பில் லண்டன் கிளப்புகளில் பாடினார். அவரிடமிருந்து கேட்டுக்கொண்ட அமெரிக்கப் பாடகர் பாப் டிலன் அதை வைத்து வேறொரு பாட்டே கட்டினார். அதில் மனத்தாங்கல் வரவில்லை. அப்போது இங்கிலாந்தில் கிளப் கிளப்பாகச் சுற்றிக்கொண்டிருந்த இன்னொரு அமெரிக்கப் பாடகர் பால் சைமனும் கற்றுக்கொண்டு போனார். 1966-ல் சைமன்-கார்ஃபங்கல் ஜோடியின் இசைத்தட்டில் அது வந்தபோது கார்த்தியின் பெயர் இல்லை. அந்தக் கசப்பு முப்பது வருஷத்துக்கு மேல் நீடித்து, 2000-ல் சைமன் லண்டன் மேடைக்கு அவரை அழைத்து, இருவரும் அதே பாட்டைச் சேர்ந்து பாடிய பிறகுதான் தீர்ந்தது. "இதை இன்னாரிடம் கற்றேன்" என்று பாடும் முன் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் கிளப்பில் பாதிச் சண்டை வராது.

கிட்டார்காரர்களுக்குள் பொறாமை இன்னும் வெளிப்படை, ஆனால் ஆரோக்கியமானது. அடுத்தவன் விரலைப் பார்த்தே திருடுவோம். பெயர்பெற்ற கிட்டார்காரர்களான பெர்ட் ஜான்ஷும் ஜான் ரென்போர்னும் ஒரே வீட்டில் தங்கி ஒருவரை ஒருவர் மிஞ்சப் பார்த்தே 1966-ல் சேர்ந்து இசைத்தட்டு போட்டார்கள்.

மெக்கால் தன் கிளப்பில் இன்னொரு விதி வைத்திருந்தார்: அவரவர் தன் நாட்டுப் பாட்டை, தன் மொழியில்தான் பாட வேண்டும். எனக்கு அது அநியாயமாகப் படுகிறது, ஆனால் ஒரு லாபம் உண்டு. நான் தெம்மாங்கு பாடினால் பட்டாவுக்குப் போட்டியே கிடையாது. "தன்னானே" மட்டும் எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். போன மாதம் அந்தத் தபால்காரர் முழுப் பாட்டையும் ஆங்கில எழுத்தில் எழுதித் தரச் சொல்லிக் கேட்டார். இன்னும் கொடுக்கவில்லை.