சிவப்பு ரோசா வெள்ளையாகப் பூப்பது ஏன்? – பூந்தோட்டக் கேள்வி பதில்

மூன்று வருடத்துக்கு முன் நர்சரியில் வாங்கிய கருஞ்சிவப்பு ரோசா, போன வருடத்திலிருந்து கொத்துக் கொத்தாகச் சின்ன வெள்ளைப் பூத்தான் பூக்கிறது. ஏமாற்றிவிட்டார்களா, மண் பிழையா? – வாசகி, ஹட்டன்

இரண்டும் இல்லை. நீங்கள் வாங்கியது ஒட்டுச்செடி. மேலே சிவப்பு ரோசா. கீழே வேருக்காக வைத்த வேறொரு ரோசா. கீழே உள்ளது கிளைவிட்டு மேலே உள்ளதை அமுக்கிவிட்டது.

பூவுக்குக் காத்திருக்காமல் இலையைப் பாருங்கள். கடைகளில் விற்கும் பெரிய பூ ரோசாக்களில் ஒரு காம்புக்குப் பெரும்பாலும் 5 சிற்றிலை. அடிச்செடியாக வைக்கும், வெள்ளைக் கொத்துப் பூக்கும் மல்டிஃப்ளோரா ரோசாவில் 7 அல்லது 9 இருக்கும். எண்ணிக்கை சில நேரம் குழப்பும். அப்போது இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தைப் பாருங்கள். இருபக்கமும் ஒட்டியிருக்கும் சிறு செதில் சீப்புப் பல்போல நார் நாராகக் கிழிந்திருந்தால் மல்டிஃப்ளோராவேதான். முள்ளை நம்ப வேண்டாம். முள் இல்லாத மல்டிஃப்ளோராவும் அடிச்செடியாக உண்டு.

இனி அடிமண்ணை ஒரு சாண் ஆழத்துக்கு மெதுவாக விலக்குங்கள். தண்டு முண்டாக வீங்கிய இடமே ஒட்டு. அதற்குக் கீழிருந்து வரும் கிளையை, முளைத்த இடத்திலேயே பிடித்துக் கீழ்நோக்கி வெடுக்கெனப் பிய்க்க வேண்டும். மண் மட்டத்தில் வெட்டினால் அடியில் மிஞ்சிய கண்கள் துளிர்த்து ஒன்று மூன்றாகும். பெரும்பாலானோர் செய்வது இந்தத் தவறைத்தான். சுண்டுவிரலைவிடத் தடித்துவிட்டால் பிய்க்க வராது. கூரிய கத்தியால் அடிப்பட்டையோடு செதுக்கி எடுங்கள்.

ஒட்டுக்கு மேலே தடித்துச் சிவப்பாக வரும் தளிரைத் தொடாதீர்கள். செடி புதுப்பிப்பது அதில்தான். மேலே எதுவும் துளிர்க்காவிட்டால் பட்டையை நகத்தால் சுரண்டுங்கள். பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. எங்கும் பழுப்பு என்றால் சிவப்பு ரோசா போய்விட்டது. எந்த உரமும் அதைத் திருப்பித் தராது.

தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டுவதுபோல ரோசாவையும் ஒரே மட்டமாக வெட்டினேன். குச்சிகள் நுனியிலிருந்து கறுக்கின்றன. ஏப்ரல் சீசனுக்குப் பூவும் இல்லை. – வாசகர், நுவரெலியா

தேயிலைக்குப் பழகிய கை ரோசாவைக் கெடுக்கும். தேயிலைக்கு மட்டம் முக்கியம். ரோசாவுக்குக் கண் முக்கியம். இலை உதிர்ந்த தழும்புக்கு நேர் மேலே சிறு புடைப்பாக இருப்பதுதான் கண். கடைசிக் கண்ணுக்கு மேலே நீண்டு நிற்கும் குச்சிக்குச் சாறு ஏறாது. அது காய்ந்து கறுத்து, பூஞ்சணம் பிடித்து, கருமை கீழே இறங்கும்.

கறுத்த பகுதியை, உள்தண்டு வெண்மையாகத் தெரியும்வரை வெட்டி எறியுங்கள். வெளிப்பக்கம் பார்க்கும் கண்ணுக்கு அரை சென்ரிமீற்றர் மேலே, கண்ணுக்கு எதிர்ப்பக்கம் சரியும்படி வெட்டு விழ வேண்டும். பென்சிலைவிட மெலிந்தவையும் ஒன்றோடொன்று உரசுபவையும் முதலில் போகட்டும். நல்ல கிளை நான்கைந்தை வைத்து, நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு குறைத்தால் போதும். நம் மலையில் ரோசா இலையுதிர்த்து உறங்குவதில்லை. அடியோடு வெட்டினால் சோர்ந்துவிடும்.

உங்கள் குளிரில் வெட்டியதிலிருந்து பூக்க 8 முதல் 10 வாரம் ஆகும். ஆகவே ஜனவரிக் கடைசியிலோ பெப்ரவரி முதல் வாரத்திலோ வெட்டுங்கள். அந்த மாதங்களில் உறைபனி விழும் இரவுகளில் சாக்கால் மூடாவிட்டால் இளந்தளிர் கருகும்.

மழைக்காலத்தில் இலை மஞ்சளாகி அப்படியே கொட்டுகிறது. கந்தகம் தூவியும் பலன் இல்லை. – வாசகி, தலவாக்கலை

ஓரம் பிசிறிய கரும்புள்ளி இருக்கிறதா? அப்படியென்றால் கரும்புள்ளி நோய். கந்தகம் நன்றாகக் கேட்பது வெண்தூள் நோய்க்கு. அது வறண்ட பகலும் ஈரக்காற்றுள்ள குளிர் இரவும் சேரும்போது வருவது. கரும்புள்ளியோ இலை ஏழு மணி நேரமாவது நனைந்தே இருந்தால்தான் தொற்றும். தென்மேல் பருவமழையில் அதற்குக் கேட்கவா வேண்டும்! விழுந்த இலையைப் பொறுக்கி எரியுங்கள், குப்பைக்குழியில் போடாதீர்கள். செடிக்குச் செடி மூன்றடி விடுங்கள். தண்ணீரைக் காலையில், இலையில் படாமல் அடியில் ஊற்றுங்கள். மருந்து அடிப்பதானால் மழைக்கு முன்பே தொடங்க வேண்டும். புள்ளி விழுந்த இலை குணமாகாது.

பழைய பங்களா மதிலோரம் இளஞ்சிவப்பு ரோசா ஒன்று வருடம் முழுக்கப் பூக்கிறது. என்ன இனம்? குச்சியில் வருமா? – வாசகர், பண்டாரவளை

தளர்வான கொத்து, குறைந்த முள், மெல்லிய மணம் என்றால் ‘ஓல்ட் பிளஷ்’ போன்ற சீன ரோசா வகையாக இருக்கலாம். கிண்ணம்போல இதழ் நெருங்கி, மணம் தூக்கலாக இருந்தால் பூர்போன் வகையைச் சந்தேகிக்கலாம். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரியூனியன் தீவில் கிடைத்த இனம் அது. கடிதத்தை மட்டும் வைத்து இதற்கு மேல் பெயர் சூட்டுவது ஊகம்.

குச்சியில் நன்றாக வரும். பூ வாடிய கிளையில் பென்சில் தடிப்பில் 15 சென்ரிமீற்றர் துண்டு எடுத்து, கீழ்வெட்டைக் கணுவுக்குச் சற்றுக் கீழே வையுங்கள். மேலே இரண்டு இலை போதும். மணலும் தும்புத்தூளும் சம அளவு கலந்து பாதிவரை ஊன்றி, பொலித்தீனால் மூடி நிழலில் வையுங்கள். வேர்விட 4 முதல் 6 வாரம். இடையில் பிடுங்கிப் பார்த்தால் வந்த வேரும் அறுந்துவிடும். தேயிலை இருந்த புளிப்பு மண்ணில் நடுவதானால், ஒரு மாதம் முன்பே சதுர மீற்றருக்கு 100 முதல் 150 கிராம் டொலமைட் சுண்ணாம்புத்தூள் கலந்துவிடுங்கள். யூரியாவோடு சேர்த்துப் போட்டால் தழைச்சத்து ஆவியாகும்.

இப்படி வளர்த்த செடியில் ஒட்டு இல்லை. அடியிலிருந்து எந்தக் கிளை வந்தாலும் அதே பூதான், பிய்க்க வேண்டாம்.