அயோவாப் பண்ணைகளில் ஒரு நாள் கொயோட்டி வேட்டை

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் தமிழர்கள் யாராவது வேட்டைக்குப் போயிருக்கிறீர்களா? எப்படி இருந்தது? விசாவில் இருப்பவர்கள் போகலாமா?

போயிருக்கிறேன். ஆனால் துப்பாக்கியைத் தொடவில்லை. கூடப் போய் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். அயோவா மாநிலத்தில் மார்ஷல்டவுன் பக்கத்துப் பண்ணைகள், ஜனவரி மாதக் குளிர். அழைத்துப் போனவர் டெ மாய்ன் அலுவலகத்தில் என்னோடு வேலை பார்க்கும் நண்பர். வார நாளில் டேட்டாபேஸ், சனிக்கிழமையானால் கொயோட்டி. அந்த வட்டாரத்திலேயே பிறந்து வளர்ந்தவர்.

கொயோட்டியைப் பார்க்காதவர்களுக்கு: நம்மூர் நரியைவிடப் பெரிசு, ஓநாயைவிடச் சின்னது. பத்திலிருந்து இருபது கிலோ வரை இருக்கும். ஓநாய்களைக் குடியேறிகள் சுட்டும் விஷம் வைத்தும் தீர்த்துக் கட்டியதும், காலியான இடத்தையெல்லாம் இது பிடித்துக்கொண்டது. இன்று ஹவாய் தவிர எல்லா மாநிலத்திலும் உண்டு, சிகாகோ ஊருக்குள்ளேயே உண்டு. அயோவாவில் இதற்கு சீசன் கிடையாது. ஆண்டு முழுக்கச் சுடலாம், இத்தனைதான் என்ற வரம்பும் இல்லை. வேட்டை லைசென்ஸும் நிலத்துக்காரர் சம்மதமும் வேண்டும்.

அந்தச் சம்மதம் இருக்கிறதே, வேட்டையில் பாதி வேலை அதுதான். 1785ஆம் ஆண்டு நிலச் சட்டத்தின்படி அளந்து பிரித்த பூமி அது. மைலுக்கு ஒரு சாலை, நான்கு சாலைக்கு நடுவே 640 ஏக்கர், மேலிருந்து பார்த்தால் கட்டம் போட்ட நோட்டுதான். பெரும்பாலும் தனியார் நிலம். எந்தத் துண்டு யாருடையது என்று காட்டும் செயலி நண்பரின் போனில் இருக்கிறது. இருந்தாலும் முதல் நாள் ராத்திரியே ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டார். நேராக விஷயத்துக்கு வரவே இல்லை. மக்காச்சோள விலை, மாட்டுக்கு வந்த சளி, யாருடைய அம்மாவுக்கோ மூட்டு ஆபரேஷன், எல்லாம் முடிந்த பிறகு, பெண் கேட்கப் போனவர் மாதிரி தயங்கித் தயங்கி, “காலையில அந்தக் கிழக்குப் பக்கம் கொஞ்ச நேரம் உக்காரலாமா?”

இருட்டோடு கிளம்பினோம். மைனஸ் பதினைந்து டிகிரி. வெள்ளை உடுப்பு எனக்கும் ஒன்று கொண்டு வந்திருந்தார், பனியில் மறைய. முதல் பண்ணையில் வண்டியை தானியக் கிடங்குக்குப் பின்னால் நிறுத்திவிட்டுக் கதவை அடித்துச் சாத்தாமல், சத்தம் வராமல் அழுத்தி மூடினார். நான் என் பக்கத்துக் கதவை வழக்கம்போல் அடித்தேன். அவர் என்னைப் பார்த்த பார்வையைச் சொல்லத் தேவையில்லை.

இனிமேல் எல்லாம் காற்றுதான். கொயோட்டி காதால் கேட்டு வரும், கண்ணால் தேடும், ஆனால் மூக்கைத்தான் நம்பும். இரை கத்தும் சத்தம் கேட்டால் நேராக ஓடி வராது. சுற்றி வளைத்து, காற்று எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமாக வந்து மோப்பம் பிடிக்கும். மனுஷ வாடை அடித்தால் போயே போச்சு. அதனால் எதிர்காற்றில் நடந்து போய், காற்று நம் பக்கவாட்டில் வீசும்படி உட்கார்ந்து, வளைத்து வரக்கூடிய வழி துப்பாக்கிக்கு எட்டும் வெட்டவெளியாக இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். ஒலிபெருக்கிப் பெட்டியை ஐம்பது கஜம் தள்ளிப் பனியில் வைத்துவிட்டு வந்தார். ரிமோட்டை அமுக்கினால் முயல் அலறும், எலி கீச்சிடும், கொயோட்டியே ஊளையிடும். ஜனவரி முதல் மார்ச் வரை இணைசேரும் காலம் என்பதால் முதலில் ஊளை. அதற்குப் பிறகுதான் முயல்.

அந்த முயல் சத்தத்தை எப்படிச் சொல்வது? கைக்குழந்தை வீறிடுவதுபோல இருக்கிறது. விடிகாலையில், அறுத்த மக்காச்சோளக் கட்டைகள் பனிக்குமேல் நீட்டிக்கொண்டிருக்கிற வயலில், அதை இருபது நிமிஷம் அசையாமல் கேட்டுக்கொண்டிருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. எதுவும் வரவுமில்லை. ஒரு இடத்தில் இருபது நிமிஷத்துக்குமேல் அவர் உட்காருவதில்லை. எழுந்து அடுத்த பண்ணை.

அடுத்தது செம்மறிப் பண்ணை. அங்கே முயல் சத்தத்துக்கு ஓடி வந்தது பண்ணைக்காரரின் காவல் நாய், கிரேட் பிரனீஸ். கன்றுக்குட்டி உயரம், வெள்ளைவெளேர் என்று இருக்கும். வந்து பெட்டியை முகர்ந்து பார்த்துவிட்டு எங்களைப் பார்த்துக் குரைக்க ஆரம்பித்தது. அத்தோடு அங்கே வேட்டை முடிந்தது. பண்ணைக்காரர் சிரித்துக்கொண்டே வந்து காபி கொடுத்தார். எழுபதைத் தாண்டியவர். ஆடுகள் குட்டி ஈனும் நேரம். “இருக்கிற கொயோட்டியை எல்லாம் கொல்லணும்னு நான் சொல்லலை. ஆட்டுக்குட்டி ருசி கண்டது ஒண்ணு இருக்கு, அது போனா போதும்” என்றார்.

வண்டியில் வரும்போது நண்பரிடம் இதைக் கேட்டேன்: நீங்கள் சுடுவதால் கொயோட்டி குறைகிறதா? இல்லவே இல்லை என்றார். ஒன்றைச் சுட்டால் பக்கத்து எல்லையிலிருந்து இளசு ஒன்று வந்து அந்த இடத்தில் உட்கார்ந்துவிடும். 1975இல் கலிபோர்னியா ஆய்வாளர்கள் கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள்: வருஷா வருஷம் முக்கால்வாசியைக் கொன்றுகொண்டே இருந்தாலும் அடியோடு ஒழிக்க ஐம்பது ஆண்டு ஆகுமாம். அமெரிக்க வேளாண் துறையே பல ஆண்டுகளாக ஆண்டுக்கு ஐம்பதாயிரத்துக்கும் மேல் கொன்று வந்திருக்கிறது. விலங்கு பரவிக்கொண்டேதான் இருந்தது.

“அப்புறம் எதுக்கு இந்தக் குளிர்ல?”

“அக்டோபருக்காக” என்றார். அக்டோபர் கடைசியில் ஃபெசன்ட் கோழி சீசன் தொடங்கும், பிறகு மான். அப்போது நல்ல நிலத்துக்கு ஊரே போட்டி போடும். ஜனவரியில் வந்து தன் ஆட்டுக்காகக் குளிரில் உட்கார்ந்தவன் யார் என்று பண்ணைக்காரர் மறக்கமாட்டார். கொயோட்டி வேட்டை அவர் கட்டுகிற வாடகை. இதைக் கேட்ட பிறகுதான் அந்த ராத்திரிப் போன் பேச்செல்லாம் எனக்குப் புரிந்தது. “தொல்லை கொடுக்கும் விலங்கை ஒழிக்கிறோம்” என்று நெஞ்சு நிமிர்த்துகிறவர்களைவிட இவர் சொன்ன காரணம் எனக்கு நேர்மையாகப் பட்டது.

மத்தியானத்துக்குமேல் ஒரு பன்றிப் பண்ணை. மனிதர்களைவிடப் பன்றிகள் ஏழு மடங்கு இருக்கிற மாநிலம் அது. செத்த பன்றி வாடைக்குக் கொயோட்டி வரும். ஆட்கள் அல்லது கால்நடை இருக்கிற கட்டடத்துக்கு 200 கஜத்துக்குள் உரிமையாளர் சம்மதம் இல்லாமல் சுடக் கூடாது, சாலைக்கு மேலாகவும் சுடக் கூடாது என்பதால் தள்ளிப் போய் ஓடைக்கரையில் உட்கார்ந்தோம். எலிச் சத்தம் வைத்துக் கொஞ்ச நேரத்தில் எதிர்க் கரையில் பழுப்பாக ஒன்று ஓடியது. எனக்கு அது அசைந்த பிறகுதான் தெரிந்தது. சொன்னபடியே வளைத்துக் காற்றுப் பக்கம் வந்தது. நண்பர் வாயாலேயே “வுஃப்” என்று ஒரு குரைப்பு. அது நின்று திரும்பிப் பார்த்தது. ஒரே குண்டு, .223 ரைஃபிள். அங்கேயே விழுந்தது.

பக்கத்தில் போய்ப் பார்த்தேன். பெண். கழுத்து ரோமம் அவ்வளவு அடர்த்தி, கை வைத்தால் விரல் புதைந்தது. பாவமாகத்தான் இருந்தது. கோழியும் ஆடும் சாப்பிடுகிறவன் நான், இதற்குமேல் பேச எனக்கு யோக்கியதை இல்லை. நான் சேலம் வாழப்பாடிப் பக்கத்துக்காரன். பொங்கலுக்கு வங்காநரியைப் பிடித்து வந்து ஓட விடுவதும், வனத்துறை வந்து அபராதம் போடுவதும் பார்த்து வளர்ந்தவன். அங்கே நரி முகத்தில் விழித்தால் யோகம்.

தோலை உரித்துப் பதப்படுத்தி வைத்துக்கொள்வார் நண்பர். விற்றால் பெட்ரோல் காசுகூடத் தேறாதாம். குளிர்கோட்டுத் தொப்பி ஓரத்தில் கொயோட்டி ரோமம் வைப்பது ஒரு காலத்தில் மோஸ்தராக இருந்தது, அப்போது நல்ல விலை. கனடா கூஸ் நிறுவனம் 2021இல் ரோமத்தை விடப்போவதாக அறிவித்தது சந்தைக்குப் பெரிய அடி.

திரும்பும் வழியில் செம்மறிக்காரர் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, பின்பக்கம் திறந்து காட்டினார். பெரியவர் குனிந்து பார்த்தார். ஆட்டுக்குட்டி தின்றது இதுதானா என்று யாருக்கும் தெரியாது, அவரும் கேட்கவில்லை. “ஃபெசன்ட்டுக்கு வருவேல்ல? வடக்குப் புல்வெளியை அறுக்காம விட்டிருக்கேன்” என்றார்.

விசா கேள்விக்கு வருகிறேன். H-1B போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது மத்தியச் சட்டப்படி குற்றம். ஆனால் ஏதாவது ஒரு மாநிலம் வழங்கிய செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் இருந்தால் அதற்கு விலக்கு உண்டு. கிரீன் கார்டுக்காரர்களுக்கு இந்தத் தடை இல்லை. அயோவாவில் 1972 ஜனவரி 1க்குப் பிறகு பிறந்தவர்கள் பொதுவாக வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு முடித்தால்தான் லைசென்ஸ் வாங்க முடியும். நண்பரின் துப்பாக்கியை “ஒரு தடவை பிடிச்சுப் பாக்கறேன்” என்று கையில் வாங்குவதற்கும் இதே சட்டம்தான். லைசென்ஸ் இல்லையென்றால் என்னைப்போல வெள்ளை உடுப்பைப் போட்டுக்கொண்டு கையைக் கட்டி உட்காருங்கள். கூடவே கால்விரலுக்குச் சூட்டுப்பை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், சாதாரண ஷூ போதவே போதாது.