லாகின் வர ஏன் இத்தனை நேரம்?

கேள்வி: எங்கள் அச்சகத்தில் ஒரு டெபியன் (லினக்ஸ் வகை) சர்வர் இருக்கிறது. டெஸ்க்டாப் போடவில்லை, கறுப்புத் திரைதான். ஆன் ஆனதும் அடுத்த அறையிலுள்ள சேமிப்புப் பெட்டிக்கு ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் நிரல் மூலம் பேக்கப் போக வேண்டும். நெட்வொர்க் வருவதற்கு முன்பே ஸ்கிரிப்ட் ஓடிவிட்டதால், கணினி கிளம்பும்போது ஓடும் ஆர்சி.லோக்கல் கோப்பில் அதற்கு மேலே ‘ஸ்லீப் 120’ என்று ஒரு வரி சேர்த்தேன். பேக்கப் இப்போது ஒழுங்காகப் போகிறது. ஆனால் லாகின் கேட்கப் பல நிமிடம் ஆகிறது. ஹார்டுடிஸ்க்கை மாற்றிவிடலாமா?
- வாசகர், சிவகாசி

பதில்: டிஸ்க் மேல் பழி போடாதீர்கள் ஐயா. தூங்கச் சொன்னது நீங்கள்தான்!

திரையில் லாகின் கேட்பது கெட்டி என்ற நிரல். ஆர்சி.லோக்கல் முடிந்த பிறகுதான், எல்லாச் சேவைகளையும் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டி அதைக் கிளப்பும். ஆகவே அந்த 120 நொடியும், அதன்மேல் பேக்கப் ஓடி முடியும் நேரமும் கெட்டியின் தலையில் விழுகின்றன. நம்பிக்கை வரவில்லையென்றால், திரை சும்மா இருக்கும்போதே வேறு கணினியிலிருந்து எஸ்எஸ்எச்சில் (நெட்வொர்க் வழியாக லாகின் செய்யும் முறை) நுழைந்து பாருங்கள். உள்ளே விட்டுவிடும்.

அவசரத்துக்கு, ஸ்லீப்பையும் பேக்கப் கட்டளையையும் ஒரே அடைப்புக்குறிக்குள் போட்டு, மூடும் குறிக்குப் பின்னால் & சேருங்கள். இரண்டும் பின்னணிக்குப் போய்விடும். லாகின் உடனே வரும். இது மட்டமான வழியொன்றும் இல்லை. ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளத்தில், டிஸ்க்கில் பிழை தேடும் எஃப்எஸ்சிகே பின்னணியில் ஓடும்போது இப்படித்தான் 60 நொடி தள்ளித் தொடங்கும், பெரிய நிரல்கள் எழுந்திருக்கும் நேரத்தில் டிஸ்க்குக்கு அடிதடி வேண்டாமென்று.

ஆனால் உங்களுக்கு வேண்டியது நெட்வொர்க். 120 என்பது குத்துமதிப்பு. நெட்வொர்க் சுவிட்ச் மந்தமாக எழும் ஒரு நாளில் அதுவும் போதாது. நானாக இருந்தால் ஆர்சி.லோக்கலில் இருந்து இரண்டு வரிகளையும் எடுத்துவிட்டு, பேக்கப்புக்கென்று சிஸ்டம்டிக்கு, எதை ஓட்டுவது என்று சொல்ல ஒரு சர்வீஸ் கோப்பும், எப்போது என்று சொல்ல ஒரு டைமர் கோப்பும் எழுதுவேன். சர்வீஸில் ‘ஆஃப்டர்’, ‘வான்ட்ஸ்’ இரண்டிலும் நெட்வொர்க்-ஆன்லைன்.டார்கெட், அதாவது நெட்வொர்க் தயாரான பிறகு ஓடு என்று. டைமரில் ‘ஆன்பூட்செக்=2மின்’, அதாவது ஆன் ஆகி 2 நிமிடம் கழித்து. எனேபிள் செய்ய வேண்டியது டைமரை மட்டும். பேக்கப் சொதப்பினால் என்ன நடந்தது என்று ஜர்னல்சிடிஎல் என்ற பதிவு காட்டும் கட்டளையில் பார்த்துக்கொள்ளலாம்.

2 நிமிடம் போட்டால் 2:40க்கு ஓடுகிறதே என்று அடுத்த கடிதம் எழுதிவிடாதீர்கள். டைமர்களுக்கு இயல்பாகவே 1 நிமிடம் வரை சலுகை உண்டு. ‘அக்யுரசிசெக்’ மதிப்பைக் குறைத்தால் சரியாகிவிடும். பேக்கப்புக்கு அது எதற்கு, விட்டுவிடுங்கள்.