மழைநாள் வாத்து வேட்டை: வாங்குவோர் கேள்வி-பதில்

அமெரிக்காவில் வாத்துப் பருவம் தொடங்கினால் எனக்கு வரும் கடிதங்களில் ஈரம் சொட்டும். இந்த முறை, குழலின் வாய் வழியாகக் கருமருந்து கெட்டிக்கும் பழைய பாணித் துப்பாக்கிக்காரர்களின் கேள்விகளை எடுத்துக்கொண்டேன். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: இரட்டைக் குழல், 12 கேஜ் (குழல் விட்ட அளவு), கேப் (அடித்தால் வெடிக்கும் சின்ன உலோகத் தொப்பி) வைத்துச் சுடுவது. தூறல் விழுந்தாலே முதல் வெடி பொய்க்கிறது. ‘நீர் புகாத கேப்’ என்று இரண்டு மடங்கு விலையில் ஒரு கடையில் தருகிறார்கள். வாங்கலாமா? (மினசோட்டா)

பதில்: வேண்டாம். தண்ணீர் கேப்பைத் துளைத்துக்கொண்டு போவதில்லை. கேப்பின் விளிம்புக்கும், அது உட்காரும் துளையுள்ள முளையான நிப்பிளுக்கும் நடுவே இருக்கும் இடுக்கு வழியாகத்தான் இறங்குகிறது. முதலில் நிப்பிள் அளவுக்குச் சரியாகப் பொருந்தும் கேப் வாங்குங்கள். அதை அழுத்தி உட்காரவைத்த பிறகு விளிம்பைச் சுற்றித் தேன்மெழுகு தடவுங்கள். ஒரு சின்னக் கட்டி மெழுகு பருவம் முழுக்க வரும்.

ஆனால் முதல் வெடி பொய்ப்பதற்கு மழைதான் காரணம் என்று முடிவு கட்டாதீர்கள். போன முறை துடைத்தபோது பூசிய எண்ணெய், கேப்பின் தீ மருந்துக்குப் போகும் நெருப்புத் துளையில் தேங்கியிருந்தாலும் இப்படித்தான் ஆகும். குழல் காலி என்பதை இடிகோலை விட்டுப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். உலர்ந்த துணியால் எண்ணெயைத் துடையுங்கள். பிறகு குழல் வாயை ஒரு புல்லுக்குப் பக்கத்தில் வைத்து வெறும் கேப்பை மட்டும் வெடியுங்கள். புல் அசைந்தால் வழி திறந்திருக்கிறது என்று அர்த்தம். இரண்டு குழலுக்கும் இதைச் செய்த பிறகே மருந்தைக் கெட்டிக்க வேண்டும்.

குழல் வாய்க்கு மெல்லிய ரப்பர் பலூன் ஒன்றை ஒற்றை அடுக்காக மாட்டலாம். ரவைக் குண்டுகள் வருவதற்கு முன்பே உள்ளே இருக்கும் காற்று அதைக் கிழித்துத் தள்ளிவிடும். கார்க்கோ துணியோ திணிக்கவே கூடாது. மறந்து சுட்டால் குழல் வெடிக்கும். இன்னொன்று: ஒரு முறை சுட்டதும் உள்ளே படியும் கரி, காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும். மழை நாளில் மறுபடி கெட்டிக்கும் முன் குழலைத் துடைத்துவிடுங்கள். அளவுக் கிண்ணத்தில் எடுத்தே மருந்தைப் போடுங்கள். குடுவையிலிருந்து நேரே ஊற்றினால், குழலுக்குள் ஒரு கங்கு மிச்சமிருந்தால் போதும், கையில் இருக்கும் குடுவையே வெடிக்கும்.

கேள்வி: பழைய ஈய ரவை ஒரு மூட்டை மலிவாகக் கிடைத்தது. ஊர்க்கோடிச் சதுப்பு, யாரும் பார்க்க மாட்டார்கள். (டெக்சாஸ்)

பதில்: கூடாது. நீர்ப்பறவை வேட்டையில் ஈயத்துக்கு 1991 முதல் நாடு முழுவதும் தடை. சுட வேண்டும் என்றுகூட இல்லை, வேட்டையின்போது பையில் வைத்திருந்தாலே குற்றம். அடியில் தங்கும் ஈயத்தைக் கல்மணி என்று நினைத்து வாத்து விழுங்கி, நஞ்சேறிச் சாகிறது. யார் பார்க்கிறார்கள் என்பதல்ல கேள்வி.

கேள்வி: ‘இன்றைக்கே வேட்டைக்குத் தயார்’ என்ற விளம்பரத்தை நம்பி, இணையத்தில் 19-ஆம் நூற்றாண்டு இரட்டைக் குழல் ஒன்றை வாங்கினேன். வெளியே பளபளப்பு. உள்ளே கெட்டியான கிரீஸ். துடைத்தால் குழல் முழுக்கத் துருக்குழி. விற்றவர் பதில் போடுவதில்லை. இதற்காக ஓராண்டு சேமித்தேன். (ஓகையோ)

பதில்: உங்கள் மேல் தவறே இல்லை. கிரீஸை அப்பிக் குழியை மறைத்தது தெரிந்தே செய்த மோசடி. கடன் அட்டையில் கட்டியிருந்தால் இன்றைக்கே வங்கியைக் கூப்பிட்டு, ‘சொன்னபடி பொருள் வரவில்லை’ என்று தகராறு பதியுங்கள். எழுத்திலும் அனுப்புங்கள். அந்தத் தொகை வந்த முதல் கணக்கு அறிக்கை அனுப்பப்பட்ட நாளிலிருந்து 60 நாளுக்குள் எழுதிவிட வேண்டும். விளம்பரம், கிரீஸோடும் கிரீஸ் இல்லாமலும் எடுத்த படங்கள், அனுப்பிய செய்திகள் எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். கருமருந்துத் துப்பாக்கி தெரிந்த பழுதுபார்ப்பவரிடம் காட்டி ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். அது உங்கள் பலமான சாட்சி.

பணம் திரும்பினாலும் திரும்பாவிட்டாலும் அதைச் சுட்டுப் பார்க்காதீர்கள். இரும்பு, எஃகுப் பட்டைகளை முறுக்கி ஒட்டிச் செய்த அந்தக் காலக் குழலில், வெளிப்பளபளப்பை வைத்து உள்பலத்தைச் சொல்ல முடியாது. நல்ல நிலையில் இருக்கும் பழைய குழலிலும் எஃகு ரவை போடக் கூடாது. மென்மையான பிஸ்மத் ரவைதான் ஏற்றது. விலை பல மடங்குதான், ஆனால் குழல் பிழைக்கும்.

கேள்வி: எச்-1பி விசாவில் இருக்கிறேன். இந்த வகைத் துப்பாக்கி வாங்கலாமா? (நியூ ஜெர்சி)

பதில்: 1968 கூட்டரசுத் துப்பாக்கிச் சட்டத்தில், தோட்டா போட முடியாத, கருமருந்து மட்டும் கெட்டிக்கும் துப்பாக்கி பழம்பொருள் கணக்கில் வருகிறது. அதனால், துப்பாக்கி வாங்க விசாக்காரர்களுக்கு இருக்கும் பொதுத் தடை இதற்கு இல்லை. ஆனால் மாநிலச் சட்டம் வேறு. அதைப் படிக்காமல் பணம் கட்டாதீர்கள். வேட்டை உரிமமும், நீர்ப்பறவை வேட்டைக்கான 25 டாலர் கூட்டரசு ‘வாத்து முத்திரை’யும் தனியாக வேண்டும்.

கேள்வி: சிக்கிமுக்கிக் கல் துப்பாக்கிக்கு மழை உறை வாங்கினால் போதுமா? (பென்சில்வேனியா)

பதில்: தூறலுக்குப் போதும். விசைப்பகுதியை மூடும் எண்ணெய்த் தோல் உறை நல்லது. கொட்டும் மழையில் எந்த உறையும் உதவாது, ஏனென்றால் சுடும் நேரத்தில் அதை எடுத்துத்தான் ஆக வேண்டும். கல்லின் பொறி விழும் கிண்ணியிலிருக்கும் மருந்து நனைந்துவிடும். பறவை வேட்டையில் இந்தக் கல் துப்பாக்கியோடு போராடி அலுத்தவர்தான் ஸ்காட்லாந்துப் பாதிரியார் அலெக்சாண்டர் ஃபோர்சைத். கிண்ணியில் எழும் பளிச்சைப் பார்த்தே பறவைகள் தப்பிவிடுகின்றன என்பதால், அடி விழுந்தால் வெடிக்கும் மருந்தைக் கொண்டுவந்து, 1807-இல் காப்புரிமை பெற்றார். கேப் அதிலிருந்து வளர்ந்ததுதான். மழைக்குக் கேப் துப்பாக்கியையே எடுத்துப் போங்கள்.

கேள்வி: பஞ்சு வைத்த துப்பாக்கிப் பை நல்லதாக ஒன்று சொல்லுங்கள். மழையில் நனைந்து வந்ததும் போட்டுவைக்க. (ஆர்கன்சா)

பதில்: நனைந்ததைப் போட்டுவைக்க என்றால் ஒன்றுகூட நல்லதில்லை. இதைக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும்.

‘எல்லாப் பருவத்துக்கும் பாதுகாப்பு’ என்று அச்சடித்த தடித்த பை ஒன்றை நல்ல விலை கொடுத்து வாங்கினேன். வெளித்துணி தண்ணீரை விடவில்லை என்பது உண்மை. உள்ளே போன ஈரத்தையும் வெளியே விடவில்லை. மறுநாள் காலையில் ஜிப்பைத் திறந்தபோது குழலின் மேல் செம்மண் தூவியதுபோல் துரு. தயாரிப்பாளரிடம் கேட்டால், ஈரப்பொருளை வைக்கக் கூடாது என்று உள்மடிப்பில் பொடி எழுத்தில் போட்டிருப்பதாகச் சொன்னார்கள். மழையில் வேட்டைக்குப் போகிறவருக்கென்றே விளம்பரம் செய்து விற்ற பை அது. அவர் ஈரமான துப்பாக்கியைத்தானே கொண்டுவருவார்? பஞ்சும் கம்பளித் துணியும் ஈரத்தை உறிஞ்சி இரவெல்லாம் இரும்போடு ஒட்டிவைத்திருக்கும். துருப்பிடிக்க வேறென்ன வேண்டும்? இந்தப் பைகள் இன்னும் அதே வாசகத்தோடு விற்கின்றன. ஏமாறுபவர்கள் பெரும்பாலும் முதல் துப்பாக்கியை ஆசையாய் வாங்கியவர்கள். எனக்கு ஆறாத கோபம் அதனால்தான்.

பை பயணத்துக்கு மட்டும். வீடு சேர்ந்ததும் வெளியே எடுத்துவிடுங்கள். வெந்நீரும் சோப்பும் விட்டுக் குழலைக் கழுவி, முழுக்கக் காயவைத்து, எண்ணெய் பூசி, திறந்த இடத்தில் நிறுத்துங்கள். பையை உள்புறம் வெளியே தெரியத் திருப்பித் தனியாகக் காயப்போடுங்கள்.

கேள்வி: கருமருந்துக்கு மாற்றாக விற்கும் பைரோடெக்ஸ் போட்டுச் சுட்டால் கருமருந்துபோல் அழுக்காகாது என்றார்கள். இரண்டு வாரம் கழித்துத் துடைத்தேன், குழல் துருப்பிடித்துவிட்டது. துப்பாக்கியைத் திருப்பிக் கொடுக்கலாமா? (மிசௌரி)

பதில்: கொடுக்க முடியாது. மாற்று மருந்தின் கரியும் இரும்பை அரிக்கும், அன்றைக்கே கழுவ வேண்டும். பெட்டியோடு வந்த தாளில் இது இருக்கிறது. படித்திருக்க வேண்டும்.

கேள்வி: தாத்தா வைத்திருந்த நாட்டுத் துப்பாக்கி பரணில் இருக்கிறது. கண்மாய் வாத்துக்கு உதவுமா? (ராமநாதபுரம்)

பதில்: உதவாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டு வாத்தைச் சுடுவது குற்றம். உரிமம் இல்லாத துப்பாக்கி தனிக் குற்றம். இன்றே ஒரு வழக்கறிஞரைப் பார்த்து அதைக் காவல் நிலையத்தில் ஒப்படையுங்கள்.

கேள்வி: என் கேப் துப்பாக்கிக்கான கருமருந்துக்கு இணையத்தில் பணம் கட்டி ஆறு வாரம் ஆகிறது. ‘விரைவில்’ என்ற பதில் மட்டும் வருகிறது. பருவம் முடியப்போகிறது. (லூசியானா)

பதில்: எந்த நாளுக்குள் அனுப்புவோம் என்று சொல்லாமல் விற்றால், 30 நாளுக்குள் அனுப்ப வேண்டும் என்பது கூட்டரசு வணிக ஆணையத்தின் விதி. முடியாவிட்டால் அவர்களே உங்களிடம் தெரிவித்து, காத்திருக்கச் சம்மதமா, பணம் வேண்டுமா என்று கேட்க வேண்டும். அப்படிக் கேட்டிருக்கிறார்களா? இல்லையென்றால் ரத்து செய்து முழுப் பணத்தையும் கேளுங்கள், ஆபத்துப் பொருள் அனுப்பும் கட்டணம் உட்பட. உங்கள் கேப் துப்பாக்கிக்கு மாற்று மருந்து போதும். உள்ளூர் வேட்டைச் சாமான் கடையிலேயே கிடைக்கும். வாங்கும்போது மூடி சீல் உடையாமல் இருக்கிறதா என்று பாருங்கள்.