கடைமடைக்கு வராத கொலராடோ

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஒன்பது வருடமாக ஃபீனிக்ஸில் இருக்கிறேன். சொந்த ஊர் மன்னார்குடிப் பக்கம், காவிரியின் கடைமடை. 2022 கோடையில் அப்பாவும் அம்மாவும் வந்திருந்தபோது கொலராடோ ஆற்றின் ஹூவர் அணை பார்க்கக் கூட்டிப்போனேன். அணை தேக்கிய மீட் ஏரியைச் சுற்றிலும் பாறையில் சுண்ணாம்பு அடித்ததுபோல வெள்ளைப் பட்டை. அப்பா வெகுநேரம் கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி நின்றார். "மேல மழை இல்லன்னா ஆறு என்னப்பா பண்ணும்" என்றார். அலுவலகத்தில் ஒருவர் பருவநிலை மாற்றம் என்கிறார், இன்னொருவர் கலிஃபோர்னியாக்காரன் உறிஞ்சுகிறான் என்கிறார். உலகம் முழுக்க வறட்சி என்று படிக்கிறேன். உண்மையில் காரணம் மழைதானா?

கே., ஃபீனிக்ஸ்

அன்புள்ள கே.,

அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அவர் பார்த்த அந்த வெள்ளைப் பட்டை, தண்ணீர் இறங்கும்போது பாறையில் விட்டுப்போன தாது உப்புப் படிவு. அந்தக் கோடையில் அதன் உயரம் ஏறக்குறைய 180 அடி. நம் மேட்டூரின் முழு நீர்மட்டமே 120 அடிதான். ஏரியில் அப்போது நாலில் ஒரு பங்கைவிடச் சற்றே கூடுதலாகத் தண்ணீர் மிஞ்சியிருந்தது.

மேட்டூர் வற்றும்போது பண்ணவாடியில் நந்தியும் பழைய தேவாலயத்தின் கோபுரமும் வெளியே தெரியும். நான் ஒருமுறை போய்ப் பார்த்திருக்கிறேன். வெடித்த வண்டலில் நடந்து நந்தியைத் தொட்டபோது கல் சுட்டது. மீட் ஏரியிலும் 1938-இல் மூழ்கிய செயின்ட் தாமஸ் என்ற ஊரின் அடித்தளங்கள் வெளியே வந்துவிட்டன.

இப்போது உங்கள் கேள்வி. மழையும் பனியும் குறைந்தது உண்மை. ஆனால் நல்ல மழை பெய்திருந்தாலும் அந்த ஆற்றால் தன் பேரில் எழுதிவைத்த கணக்கைத் தீர்த்திருக்க முடியாது. அந்தக் கணக்கு எழுதப்பட்டது 1922 நவம்பரில், நியூ மெக்சிகோவின் சாண்டா ஃபேயில். பின்னாளில் அமெரிக்க அதிபரான ஹெர்பர்ட் ஹூவர் தலைமையில் ஏழு மாநிலங்களின் பிரதிநிதிகள் உட்கார்ந்து கொலராடோவைப் பங்கு போட்டார்கள். மேல்படுகைக்கு 75 லட்சம் ஏக்கர் அடி (ஓர் ஏக்கரில் ஓரடி உயரத்துக்கு நிற்கும் தண்ணீர் ஓர் ஏக்கர் அடி), கீழ்ப்படுகைக்கு 75 லட்சம். 1944-இல் மெக்சிகோவுக்கு 15 லட்சம் சேர்ந்தது. நம் பழக்கத்துக்கு டிஎம்சியில் சொன்னால் மொத்தம் 720-ஐ ஒட்டி வரும். காவிரிப் படுகை முழுவதற்கும் நடுவர் மன்றம் வைத்த கணக்கு 740. அத்தனை பெரிய தேசத்தில் ஏழு மாநிலங்களும் பக்கத்து நாடும் சேர்ந்து, நம் காவிரிக்கும் குறைவான தண்ணீருக்காக நூறு வருடமாக மல்லுக்கட்டுகிறார்கள். சுமார் 4 கோடிப் பேர் அதை நம்பியிருக்கிறார்கள்.

பங்கு போட்டவர்கள் கையில் இருந்தது இருபது ஆண்டுகளை ஒட்டிய அளவுகள். அவை விதிவிலக்காக ஈரமான ஆண்டுகள். லாரூ என்ற அரசு நீரியல் வல்லுநர் ஆற்றில் இவ்வளவு வராது என்று அப்போதே எச்சரித்தார். யாரும் காது கொடுக்கவில்லை. 1976-இல் ஸ்டாக்டன், ஜேகோபி என்ற இரு ஆய்வாளர்கள் பழைய மரங்களின் வளையங்களை அளந்து, நானூறு ஆண்டுக்கும் மேலான வரலாற்றைக் கணக்கிட்டார்கள். சராசரி 590 டிஎம்சியை ஒட்டித்தான் வந்தது. 2000-க்குப் பிறகு வருவதோ 540 அளவில்.

உங்கள் அலுவலக நண்பர் சொன்ன பருவநிலை மாற்றம் இங்கேதான் வருகிறது. கொலராடோ பெரும்பாலும் ராக்கி மலையின் பனியில் பிறக்கும் ஆறு. வெயில் கூடினால் பனி முன்கூட்டியே உருகுகிறது. ஆற்றுக்கு முன்னால் காய்ந்த மண் குடிக்கிறது, செடி குடிக்கிறது, காற்று குடிக்கிறது. 2021-இல் பனி வழக்கத்தில் ஐந்தில் நாலு பங்குக்கு மேல் விழுந்தது. மேலே உள்ள பவல் ஏரிக்கு வந்து சேர்ந்த தண்ணீரோ வழக்கத்தில் மூன்றில் ஒரு பங்குதான். பனி விழுந்தும் ஆறு வரவில்லை. அப்பாவிடம் இதை அவசியம் சொல்லுங்கள்; மழையளவை வைத்து ஆற்றைக் கணிக்கும் நம் பழைய கண் இனி உதவாது.

கலிஃபோர்னியாக்காரன் உறிஞ்சுகிறான் என்பதில் சட்டம் இருக்கிறது. முன்னால் எடுத்தவனுக்கு முன்னுரிமை என்பது அந்த மேற்குப் பகுதியின் தண்ணீர்ச் சட்டம். 1968-இல் ஃபீனிக்ஸுக்குக் கால்வாய் வெட்ட அனுமதி கேட்ட உங்கள் அரிசோனா மாநிலம், பற்றாக்குறை வந்தால் கலிஃபோர்னியாவுக்குப் பின்னால் நிற்கச் சம்மதித்தது. ஏறத்தாழ 540 கிலோமீட்டர் நீளும் அந்தக் கால்வாய்தான் உங்கள் ஊருக்கும் தண்ணீர் கொண்டுவருகிறது. 2021 ஆகஸ்டில் முதன்முறையாகப் பற்றாக்குறை அறிவித்தார்கள். மறு ஆண்டு அரிசோனா இழந்தது 22 டிஎம்சி. அடி விழுந்தது ஃபீனிக்ஸுக்கும் டூசானுக்கும் இடையே உள்ள பினல் மாவட்ட விவசாயிகள் மேல். வயலைத் தரிசாகப் போட்டார்கள், போர்வெல்லுக்குத் திரும்பினார்கள். நிலத்தடி நீரை உறிஞ்சி உறிஞ்சி ஏற்கெனவே பூமி தாழ்ந்து, பிளவு விட்ட மாவட்டம் அது.

அதே நேரத்தில் கலிஃபோர்னியாவின் இம்பீரியல் பள்ளத்தாக்கு என்ற ஒரே பாசனப் பகுதிக்கு உரிமை சுமார் 135 டிஎம்சி. லாஸ் வேகாஸ் உள்ள நெவாடா மாநிலம் முழுவதற்கும் 13. கொலராடோ பாசனத்தில் பெரும்பங்கு குதிரைமசாலுக்கும் மற்ற மாட்டுத் தீவனத்துக்கும் போகிறது. அந்த விவசாயிகளை நான் குறை சொல்லமாட்டேன், சட்டம் கொடுத்ததைத்தான் எடுக்கிறார்கள். ஆனால் பாலைவனத்தில் வருடம் முழுக்கத் தீவனம் அறுக்கிறோம், ஆறு வற்றுகிறது, பழி மட்டும் வானத்துக்கு என்றால் மனம் ஒப்பவில்லை.

உலகம் முழுக்க என்று கேட்டீர்கள். மத்திய ஆசியாவின் ஏரல் கடலும் மழை பொய்த்து வற்றியதில்லை. 1960-களிலிருந்து ஆமு தாரியா, சிர் தாரியா என்ற இரண்டு ஆறுகளைப் பருத்திக்குத் திருப்பியதில் வற்றியது. நம் காவிரியில் நடுவர் மன்றத்தின் 740 என்பதே இரண்டு ஆண்டுக்கு ஓர் ஆண்டுதான் எதிர்பார்க்கக்கூடிய அளவு. மற்ற ஆண்டுகளில் என்ன நடக்கும் என்று உங்கள் குடும்பத்துக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

என்னை உறுத்துவது வேறு ஒன்று. 1922-இல் அந்த மேசையில் பழங்குடிகள் யாரும் இல்லை. ஆற்றுப் படுகையில் இன்று 30 பழங்குடி இனங்கள் இருக்கின்றன. அவர்களைப் பற்றி ஒப்பந்தத்தில் ஒற்றை வரிதான், அதிலும் பங்கு எதுவும் இல்லை. அவற்றில் ஒன்றான நவஹோ இனத்தின் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு வீடுகளுக்கு இன்னும் குழாய் கிடையாது. வண்டியில் பீப்பாய் ஏற்றிப் போய்த் தண்ணீர் பிடித்து வருகிறார்கள். அவர்களுக்குத் தேவையான தண்ணீரைக் கண்டறிந்து பெற்றுத்தரும் கடமை அரசுக்கு இல்லை என்று 2023 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. ஹூவர் அணையிலிருந்து ஒரு நாள் கார்ப் பயணத்துக்குள் இருக்கும் மக்கள் அவர்கள்.

கடைமடை மெக்சிகோவில் இருக்கிறது. 1960-களுக்குப் பிறகு கொலராடோ கடலைத் தொட்டது அபூர்வம். ஆறு மெக்சிகோவுக்குள் நுழைந்ததும் மொரேலோஸ் அணையில் மிச்சமும் பாசனத்துக்குத் திரும்பிவிடும். கீழே வெறும் மணல். கழிமுகத்தில் மீன் பிடித்து வாழ்ந்த குகாபா மக்களுக்கு ஆறு ஒரு பேச்சாகிப் போனது.

2014 மார்ச் 23 அன்று, இரு நாடுகளும் பேசி ஒப்புக்கொண்டபடி, அந்த அணையின் மதகைத் திறந்தார்கள். எட்டு வாரத்தில் விட்டது வெறும் நாலரை டிஎம்சி. சான் லூயிஸ் ரியோ கொலராடோ என்று ஆற்றின் பெயரையே தன் பெயரில் வைத்திருக்கும் ஊரில், தண்ணீர் வருகிறது என்று கேட்டு ஜனங்கள் ஆற்று மணலுக்கு ஓடிவந்தார்கள். அந்த ஊர்ப் பிள்ளைகளில் பலர் ஆற்றை அன்றுதான் முதன்முறை பார்த்தார்கள். பாட்டும் ஆட்டமுமாக நாள்கணக்கில் கொண்டாடினார்கள். மணல் குடித்ததுபோக மிஞ்சியது மே மாதம் கடலைத் தொட்டது.

அடுத்த முறை அப்பா வந்தால் அந்தப் படங்களைக் காட்டுங்கள். ஈர மணலில் நுரையைத் தள்ளிக்கொண்டு முன்னேறும் அந்த முதல் தண்ணீரை அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்காது.

அன்புடன்.