எருவோடு வயலுக்கு வரும் ஆன்டிபயாடிக்: வாசகர் கேள்விகளுக்கு மண்ணியல் பதில்கள்

கேள்வி: மருந்து எச்சம் மண்ணுக்கு வருவதே கால்நடைக் கழிவால்தான் என்கிறார்கள். அப்படியிருக்க, அதே கழிவை மட்கச் செய்து இட்டால் மண் எப்படித் தூய்மையாகும்?

பதில்: கால்நடைகளுக்குக் கொடுக்கும் ஆன்டிபயாடிக்கில், மருந்தின் வகையையும் விலங்கையும் பொறுத்து, ஏறத்தாழ 30 முதல் 90 சதவீதம் வரை உடலில் சிதையாமல் சாணத்திலும் சிறுநீரிலும் வெளியேறிவிடுகிறது. சல்ஃபோனமைடு வகை மருந்துகளில் இன்னொரு சிக்கலும் உண்டு: விலங்கின் உடலில் வேறு வடிவத்துக்கு மாற்றப்பட்ட பகுதியை எருக்குவியலில் உள்ள நுண்ணுயிர்கள் மறுபடியும் பழைய மருந்தாகவே மாற்றிவிடக்கூடும். ஆகவே பச்சை எருவை நேரே வயலில் கொட்டுவதுதான் முதன்மையான கோளாறு. அதே எருவை உலர்ந்த தாவரக் கழிவுடன் கலந்து முறையாக மட்கச் செய்தால், மருந்தின் பெரும்பகுதி வயலை அடையும் முன்பே சிதைய வாய்ப்புண்டு. மண்ணில் சேர்ந்துவிட்ட மருந்தை அகற்றுவதைவிட, குவியலிலேயே அதைக் குறைப்பது எளிது. என் பதில்கள் பெரும்பாலும் இந்தப் பக்கமே சாய்ந்திருக்கும்.

கேள்வி: மட்குக் குவியல் எவ்வளவு சூடேற வேண்டும்? சூடேறினால் எல்லா மருந்தும் போய்விடுமா?

பதில்: குவியலின் உட்பகுதி 55 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சில நாட்களாவது நிற்க வேண்டும். அதற்குக் கரிமமும் (கார்பன்) தழைச்சத்தும் (நைட்ரஜன்) 25 அல்லது 30-க்கு 1 என்ற விகிதத்திலும், ஈரப்பதம் 50 முதல் 60 சதவீதத்துக்குள்ளும் இருக்க வேண்டும். ஓரத்தில் குளிர்ந்து கிடப்பது உள்ளே போகும்படி அவ்வப்போது புரட்டியும் விட வேண்டும். கோழி எருவில் தழைச்சத்து மிகுதி என்பதால், வைக்கோல், சருகு, மரத்தூள் போன்றவற்றைத் தாராளமாகச் சேர்க்காமல் இந்த விகிதம் கூடிவராது.

எல்லா மருந்தும் போய்விடாது. டெட்ராசைக்ளின் குடும்பம், அதிலும் குளோர்டெட்ராசைக்ளின், நன்றாகவே குறைகிறது. என்ரோஃப்ளாக்சசின், சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற ஃப்ளூரோகுயினலோன்கள் திடப்பொருளோடு இறுகப் பிணைந்துகொண்டு பிடிவாதமாக நீடிக்கின்றன. ஆய்வக அறிக்கைகளைப் படிக்கும்போது ஓர் எச்சரிக்கை தேவை: மருந்து "குறைந்தது" என்று அறிக்கை சொல்வதில் ஒரு பகுதி உண்மையில் சிதைந்ததாகவும், மற்றொரு பகுதி மட்கோடு பிணைந்து, சோதனைக்குரிய கரைப்பானால் பிரித்தெடுக்க இயலாமல் போனதாகவும் இருக்கலாம். இவ்விரண்டும் ஒன்றல்ல.

கேள்வி: பயிர்க் கழிவிலிருந்து செய்த உயிரிக்கரியை மண்ணில் கலந்தால் மருந்து அழிந்துவிடுமா?

பதில்: அழியாது, பிடிபடும். காற்று மிகக் குறைந்த நிலையில் கழிவைச் சூடாக்கிப் பெறும் கரியின் நுண்துளைகளும், அதன் வளைய அமைப்புடைய கரிமப் பரப்பும் மருந்து மூலக்கூறுகளைப் பற்றிக்கொள்கின்றன. மண்நீரில் கரைந்திருக்கும் மருந்து இதனால் குறைகிறது; பயிர் வேர் உறிஞ்சுவதும், நிலத்தடி நீருக்குக் கசிவதும் அதற்கேற்பக் குறைகின்றன. சல்ஃபோனமைடுகள் மண்ணில் தளர்வாகவே ஒட்டுபவை. மண்ணின் காரத்தன்மை கூடக்கூட எதிர்மின்னூட்டம் பெற்று இன்னும் எளிதாக நகர்பவை. எனவே மணற்பாங்கான நிலத்தில் இந்தப் பிடிமானத்துக்குத் தனி மதிப்புண்டு. டெட்ராசைக்ளினோ களிமண்ணிலும், கால்சியம், இரும்பு போன்ற உலோக அயனிகளிலும் தானாகவே ஒட்டிக்கொள்ளும். அதற்காக மட்டும் கரிக்குச் செலவிடுவது எனக்கு வீணாகவே படுகிறது.

கரியின் பரப்பு காலப்போக்கில் மண்ணின் கரிமப் பொருளால் மூடப்பட்டு, பிடிக்கும் திறன் மாறும். மண்ணில் இடும் களைக்கொல்லியையும் அது பிடித்துக்கொள்வதால் களை சாகாமல் போகலாம். சாக்கடைக் கசடிலிருந்து செய்த கரியில் கன உலோகங்கள் செறிந்திருக்கக்கூடும் என்பதால், சோதிக்காமல் அதை வயலில் இட வேண்டாம். ஆனால் எருவையே கரியாக்கினால் நிலைமை வேறு: அந்த வெப்பத்தில் மருந்தும், மருந்தை எதிர்க்கும் திறனைப் பாக்டீரியாவுக்குத் தரும் மரபணுக்களும் சேர்ந்தே சிதைகின்றன. இழப்பு என்றால், தழைச்சத்தில் பெரும்பங்கும் ஆவியாகப் போய்விடும்.

கேள்வி: அறுவடை முடிந்த சிப்பிக்காளான் படுகையை வயலில் போடலாமா?

பதில்: போடலாம், ஆனால் மட்குக் குவியலில் சேர்ப்பது மேல். மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் என்ற பொருளைச் சிதைக்க இந்தக் காளான் சுரக்கும் லாக்கேஸ் போன்ற நொதிகள் சில மருந்து மூலக்கூறுகளையும் தாக்குகின்றன. திறந்த வயலில் உள்ளூர் நுண்ணுயிர்களின் போட்டியில் காளான் இழை விரைவில் ஒடுங்கிவிடும்.

கேள்வி: மருந்து சிதைந்துவிட்டால் மருந்து எதிர்ப்புப் பிரச்சினையும் தீர்ந்ததா?

பதில்: தீரவில்லை. எதிர்ப்பு மரபணுக்கள் பாக்டீரியாவின் செல்லுக்குள் பெருகுபவை. ஓர் இனத்திலிருந்து வேறோர் இனத்துக்குத் தாவக்கூடியவை. மருந்து மறைந்த பிறகும் நிலைப்பவை. குவியல் நன்கு சூடேறும் கட்டத்தில் இவற்றைச் சுமக்கும் பல பாக்டீரியாக்கள் மடிகின்றன. குளிர்ந்து முதிரும் கட்டத்தில் சில மரபணுக்களின் அளவு மீண்டும் ஏறவும் கூடும். இன்னொன்று அடிக்கடி கவனத்திலிருந்து தப்பிவிடுகிறது: தீவனத்தில் சேர்க்கும் செம்பும் துத்தநாகமும். இவை மட்குவதால் சிதையா. குவியலின் எடை குறையக் குறைய இவற்றின் செறிவு கூடவே செய்யும். உலோகத்தைத் தாங்கும் மரபணுவும் மருந்தை எதிர்க்கும் மரபணுவும் பாக்டீரியாவில் பல சமயம் ஒரே டி.என்.ஏ. துண்டில் இணைந்திருப்பதால், மருந்தே இல்லாத மண்ணிலும் உலோகம் அந்த எதிர்ப்பைக் காப்பாற்றிவரும். ஆகவே எருவைச் சோதனைக்கு அனுப்பும்போது இவ்விரு உலோகங்களையும் சேர்த்து அளக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: சாண எரிவாயுக் கலனிலிருந்து வரும் கழிவுக் குழம்பும், மண்புழு உரமும் இவ்வகையில் பாதுகாப்பானவையா?

பதில்: பச்சைச் சாணத்தைவிடப் பாதுகாப்பானவை என்று சொல்லலாம். கலனில் காற்றில்லாச் சிதைவு சில மருந்துகளைக் குறைத்தாலும், சல்ஃபோனமைடு வகையைச் சேர்ந்த சல்ஃபாமெத்தசின் போன்றவை பெரிதும் தப்பிவிடுகின்றன. கலனிலிருந்து வரும் குழம்பை உலர்ந்த கழிவுடன் கலந்து மட்கச் செய்த பின் இடுங்கள். மண்புழுக்கள் 55 டிகிரி வெப்பத்தில் உயிர்வாழா. எனவே முதலில் குவியல் சூடேறி ஆறட்டும், அதன் பிறகே புழுவை விட வேண்டும்.